சிவப்புத் தாள் ஒட்டிய ஸ்பீக்கர்

தம்பி,

காலையில் மைதா பசை காய்ச்சினேன். சர்ச்சில் பிள்ளைகள் கிறிஸ்மஸுக்கு ஸ்டார் கட்டுகிறார்கள். கடையில் வாங்கின பசை தாளைப் பிடிக்கவில்லையாம், ஆயாவைக் கேளுங்கள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கட்டி தட்டாமல் கிளறி, மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டு இறக்கும்போது அந்த வாசனை எழுந்தது. பச்சை மாவு வாசனையும் இல்லை, வெந்த மாவு வாசனையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. பேத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து, "ஏம் வாசனா இதி, ஆயா?" என்றாள். தமிழ் எல்லாம் புரியும் அவளுக்கு, பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும். "பசைடி" என்றேன். போய்விட்டாள். நான் சட்டியை அந்த ஓட்டை போட்ட அலுமினியத் தட்டால் மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்தேன்.

அந்தத் தட்டு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும்.

நீ போய் மழைக்காலம் முடிந்து பனியும் வந்துவிட்டது. நான் இன்னும் அழவில்லை. அழாத அக்கா என்று உன் பெண்டாட்டி வீட்டுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள், என் காதிலும் விழுந்தது. யார் யார் பேசினார்கள் என்று பேர் பேராகச் சொல்லுவேன். ஆனால் அழுகை வரவில்லை. காலை மடக்கி ரொம்ப நேரம் உட்கார்ந்தால் மரத்துப்போகுமே, கிள்ளினாலும் யாரையோ கிள்ளுகிற மாதிரி இருக்குமே, அந்த மாதிரி இருக்கிறது.

நம்ம அம்மா அப்பா போனபோது உனக்கு ஒன்பது வயது. ஆற்காட்டிலிருந்து உன்னை ரயிலில் கூட்டிவந்து, லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் என் பிள்ளைகளோடு இன்னொரு பிள்ளையாக வளர்த்தேன். சொல்லிக் காட்டுகிறேன் என்று நினைக்காதே. சொல்லிக் காட்டத்தான் செய்கிறேன். உன்னை ஒர்க்‌ஷாப்பில் அப்ரெண்டிஸாகச் சேர்த்துவிட்டது உன் மாமா. கிட்டார் கற்றுக்கொடுத்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு நாள் பழைய கிட்டாரோடு வந்து நின்றாய். அதற்குப் பிறகு பின் ரூமில் எனக்கு அரிசி மூட்டை வைக்கக்கூட இடம் இல்லாமல் போயிற்று.

மூன்று பேர் வந்தீர்கள். நீ கிட்டார். ரஹீம் டிரம்ஸ், நம்ம வரிசைக்குப் பின்வரிசைப் பையன், அக்கா என்பதற்குப் பதில் என்னை ஆபா ஆபா என்று கூப்பிட்டு நாலு டீ குடிப்பான். டெரிக் பாட்டு, ஆங்கிலோ இந்தியன், ரயில் கார்டு வீட்டுப் பிள்ளை, செருப்பைக் கழற்றாமல் உள்ளே வருவான். அவுட்டர் சிக்னல்ஸ் என்று பேர் வைத்தீர்கள். "ஸ்டேஷனுக்குள்ள வர வழி இல்லாம வண்டி நிக்கற எடம்டா அது, வேற பேரே கிடைக்கலியா?" என்று மாமா கேட்டார். "அங்கதான் மாமா எல்லாரும் ஜன்னல் வழியா வெளிய பாக்கறாங்க" என்றாய். மாமா சிரித்துவிட்டார். அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் தாங்கவில்லை என்று எழுதிக் கொடுத்தபோதும் உங்களைத் துரத்தவில்லை. பின் ரூம் ஜன்னலை மூடிவிடு, கோணி அடித்துவிடு என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து வருஷக்கணக்காக அந்த ஜன்னல் திறக்கவே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்.

அந்த கிறிஸ்மஸுக்கு ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் டான்ஸ். உங்களுக்கு முதல் பெரிய ஆட்டம். முந்தின நாள் எலி ஸ்பீக்கரைக் கடித்துவிட்டது. செத்துப்போன ரேடியோக்களின் சாமானை எல்லாம் போட்டு நீயே கட்டின பெட்டி அது. உள்ளே இருந்த கறுப்புத் தாள் கூம்பில் மூன்று விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. நீ தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாய். "கலாஸ் ஆபா. சப் கலாஸ்" என்றான் ரஹீம், எல்லாம் முடிந்ததாம்.

நான் முன் ரூமில் ஸ்டாருக்குத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தேன். பசைச் சட்டியோடு எழுந்துவந்து, "நகருங்க" என்றேன். மிச்சமிருந்த சிவப்புத் தாளைக் கிழித்து, ஓட்டைக்கு மேலே ஒன்று, குறுக்கே ஒன்று, அதற்கு மேலே ஒன்று என்று ஒட்டினேன். ஓரத்தை நகத்தால் நீவிவிட்டேன். காயட்டும் என்றேன். டெரிக்குக்குப் பொறுமை ஏது? ஈரத்தோடேயே சுவிட்சைப் போட்டான்.

நீ ஒரு கம்பியைத் தட்டினாய். கரகரவென்று வந்தது. சளி பிடித்த ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டே பாட ஆரம்பித்த மாதிரி. கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். நீ இன்னொரு தடவை தட்டினாய். அப்புறம் நிறுத்தாமல் வாசித்தாய். டெரிக் உன் தோளைப் பிடித்து, "டோன்ட் டச் இட், மேன். டோன்ட் டச் எனிதிங்" என்றான். நீ என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, இன்னாக்கா பண்ண?" என்றாய்.

"பசை போட்டேன்" என்றேன்.

மறுநாள் இன்ஸ்டிட்யூட்டில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு மேடைக்கு முன்னால் வந்து நின்றார்களாம். ரஹீம் வந்து சொன்னான். நான் போகவில்லை, சின்னவனுக்குப் பேதி. அதற்குப் பிறகு உங்களுக்கு எங்கேயும் நிற்க நேரமில்லை. கல்யாணம், கிளப், போவன்பள்ளிப் பக்கம் மிலிட்டரி மெஸ், காலேஜ் விழா. பெங்களூரிலிருந்து இரண்டு பையன்கள் வந்து, அந்தச் சத்தம் எந்தப் பெட்டியில் வருகிறது என்று பின் ரூம் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். நீ முன்பக்கம் துணி கட்டி மறைத்துவிட்டாய். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தாள் வெடிக்கும். அதன் மேலேயே இன்னொன்று ஒட்டுவேன். ஒட்டி ஒட்டி நடுவில் ஆப்பம் மாதிரி தடித்துப்போயிற்று.

உங்கள் கும்பலில் ஒரு வழக்கம் இருந்தது. மூன்று ஆட்டம் காசுக்கு, நாலாவது சும்மா. ஆரம்பித்தது நீ. "நாலாவது ஆட்டம் நம்மளுது இல்லக்கா" என்பாய். அநாதைப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை, ஒர்க்‌ஷாப்பில் கை போனவன் வீட்டுக்கு, கண் தெரியாத பிள்ளைகளுக்கு. எண்ணிக்கை தவறினதே இல்லை. டெரிக் மூஞ்சியைச் சுளிப்பான், ஆனாலும் வருவான். நாலாவது ஆட்டத்துக்கும் சட்டையை இஸ்திரி போட்டது நான்தான், பத்துப் பேருக்குப் புளிசாதம் கட்டினதும் நான்தான். தர்மம் உன் பேரில், கை என்னுடையது. அப்போதே சொன்னேன். "ஹவ், ஆமா ஆபா, சொர்க்கத்துல ஒங்களுக்குத்தான் மொத சீட்டு" என்றான் ரஹீம். "நக்கோ, அதெல்லாம் வேணாம். டீ டம்ளரைக் கழுவி வை, அது போதும்" என்றேன்.

ஒரே ஒரு நாலாவது ஆட்டத்துக்கு நானும் வந்தேன். தொழுநோய்க்காரர்கள் ஆஸ்பத்திரி. பகல் ஆட்டம், வேப்பமரத்தடி. நீ வாசிக்க ஆரம்பித்ததும் ஒரு பெரியவர் எழுந்துவந்து ஸ்பீக்கர் பெட்டி மேல் கையை வைத்தார். கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார். அந்தக் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் குனிந்து கன்னத்தை வைத்தார். வைத்தபடியே என்னைப் பார்த்து, "இக்கட தெலுஸ்துந்தம்மா" என்றார். இங்கே தெரிகிறதாம். பாட்டு முடிகிறவரை அவர் கன்னத்தை எடுக்கவில்லை. நீயும் முடிக்கவில்லை, இழுத்துக்கொண்டே போனாய். உள்ளே என் சிவப்புத் தாள் அதிர்ந்துகொண்டிருந்தது. உன்னோடு எனக்கு நல்ல நாள் என்றால் அதுதான்.

அப்புறம் அந்தப் பத்திரிகைக்காரன் வந்தான்.

கேமராவோடு வந்தான். பின் ரூமில் உங்கள் மூன்று பேரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தான். நான் டீயோடு வாசலில் நின்றேன். இங்கிலீஷில்தான் பேசினீர்கள், ஆனால் சவுண்ட் என்ற வார்த்தை எனக்குத் தெரியும். பெட்டியைக் காட்டி ஏதோ கேட்டான். நீ என்னைப் பார்த்தாய். டீத் தட்டு என் கையில் இருந்தது. பார்த்துவிட்டு அவன் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாய். எல்லாரும் சிரித்தார்கள். பத்திரிகை வந்ததும் எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். "அந்தச் சத்தம் எப்படி வருதுன்னு கேட்டாங்களாம் ஆன்ட்டி. அது எங்க ரகசியம்னு சொல்லிட்டாராம்" என்றாள். வேறே ஒன்றும் இல்லையா என்றேன். "அவ்ளோதான் ஆன்ட்டி."

எங்க அக்கா என்று ஒரு வார்த்தை. அது கூட வேண்டாம், வீட்டில் ஒட்டினார்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். ஸ்டார் தாளும் மைதாவும் என்று சொல்ல உனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை நான் அன்றைக்கே கண்ணால் பார்த்தேன். இன்றைக்கும் நான் அதை மன்னிக்கவில்லை. நீ போய்விட்டாய் என்பதற்காக மன்னித்துவிட்டேன் என்று பொய் எழுத எனக்கு வராது.

பம்பாயில் பெரிய போட்டி வந்தது. ஜெயித்தால் ரிக்கார்டு போடுவார்கள் என்றார்கள். அங்கே பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள், லால் காகிதத்தை, அந்தச் சிவப்புத் தாளைப் பார்த்தால் சிரிப்பார்கள் என்று டெரிக் சொன்னான். எங்கேயோ பிடித்து ஒரு ஃபாரின் ஸ்பீக்கர் வாங்கி மாட்டினாய். பழசைக் கழற்றிக் கொல்லையில் கோழிக்கூண்டு மேல் வைத்துவிட்டு ரயில் ஏறினாய். எடுத்து வை என்றும் சொல்லவில்லை, எறி என்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பழைய இரும்புக்காரன் வந்தான். எடுத்துக் கொடுத்தேன். பதிலுக்கு அலுமினியத்தில் ஒரு கஞ்சி வடிக்கிற தட்டு கொடுத்தான்.

கோபத்தில் கொடுத்தேன். தெரியாமல் கொடுத்தேன் என்று இத்தனை வருஷம் எல்லாரிடமும் சொன்னேன்.

பம்பாயில் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டீர்கள். நன்றாகத்தான் வாசித்தீர்கள், ஆனால் எல்லாரையும் மாதிரி இருந்தது என்று சொன்னார்களாம். நீ வீட்டுக்கு வந்து துணிப்பெட்டியைக்கூட இறக்கிவைக்காமல் கொல்லைக்குப் போனாய். "அந்தப் பழசு எங்கக்கா?" என்றாய். கொடுத்துவிட்டேன் என்றேன். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன், அந்தத் தட்டை வைத்துத்தான். நீ தட்டைப் பார்த்தாய். கால் கழுவப் போய்விட்டாய்.

அந்த வருஷம்தான் கரையோரத்தில் புயல் அடித்து ஊர் ஊராகக் கடல் கொண்டுபோயிற்று. ஒர்க்‌ஷாப்பில் பாதிப் பேருக்கு அங்கே சொந்தக்காரர்கள். உங்களுக்கும் எண்ணிக்கைப்படி நாலாவது ஆட்டம் வந்திருந்தது. இன்ஸ்டிட்யூட் மைதானத்தில் ஆட்டம், டிக்கெட் கிடையாது, வருகிறவர்கள் அரிசியோ கம்பளியோ கொண்டுவர வேண்டும் என்று போர்டு எழுதி வைத்தாய். ஒரு வாரத்துக்கு முன்னால் ஒரு பழைய ஸ்பீக்கரோடு வந்தாய். அதே அளவு. என் முன்னாலேயே பிளேடால் மூன்று விரல் அளவுக்குக் கிழித்தாய்.

"அதே மாதிரி ஒட்டிக் குடுக்கா. இந்த ஒரு ஆட்டத்துக்கு."

நீ அதைப் பின் ரூமில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாய். "மெல்லமா யோசிச்சு சொல்லு" என்றாய்.

இப்போது சொல்லப்போவதை நான் மாமாவிடமும் சொன்னதில்லை.

நீ வேலைக்குப் போனதும் பசை காய்ச்சினேன். சிவப்புத் தாள் வாங்கிவரச் சொல்லி, மேலே ஒன்று, குறுக்கே ஒன்று, அதற்கு மேலே ஒன்று ஒட்டினேன். நீ செய்கிற மாதிரியே ஒயரைச் சொருகி, சுவிட்சைப் போட்டு, பெட்டிக்குள்ளே விளக்கு சிவக்கிறவரை காத்திருந்து, கிட்டாரில் ஒரு கம்பியைத் தட்டினேன். சத்தம் சுத்தமாக வந்தது. பழுதே இல்லாத சத்தம். ஈரத்துணியால் துடைத்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மறுநாள் பசையைத் தளர்த்திக் காய்ச்சினேன். அதற்கு மறுநாள் கெட்டியாக. ஒரு தடவை ஈரமாகவே தட்டினேன், ஒரு தடவை அடுப்போரம் காயவைத்துத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. எலி கடித்த ஓட்டை வேறே, பிளேடு ஓட்டை வேறே போல. இல்லை, அன்றைக்கு என் கை வேறே ஏதோ செய்திருக்கிறது. என்ன செய்தது என்று எனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரி பத்து வருஷத்துக்கு முன்னால் என்ன புடவை கட்டினாள் என்று சொல்லுவேன். அந்தக் கை செய்தது மட்டும் ஞாபகத்தில் இல்லை.

கடைசி நாள் துடைத்து முடிப்பதற்குள் ஐந்து மணிச் சங்கு ஊதிவிட்டது. ரூம் முழுக்கப் பசை வாசனை. கோணியைப் பிய்த்து ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

நீ வந்து வாசலில் நின்றாய். ஸ்பீக்கரைப் பார்த்தாய். கிழிந்தது கிழிந்தபடியே இருந்தது.

"ஒட்டறியாக்கா?"

"மாட்டேன்."

"ஆளுங்களுக்குச் சாப்பாட்டுக்குக்கா. எனக்கு இல்ல."

"உங்க ரகசியம்தானே அது? ரகசியமாவே இருக்கட்டும்."

ஒட்டத் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று பேர் வாங்குவது அதைவிட லேசாக இருந்தது. நீ மூச்சை உள்ளே இழுத்த மாதிரி இருந்தது. அப்புறம், "சரிக்கா" என்றாய். திரும்பிப் போகும்போது, "ஜன்னல சாத்து. கொசு வந்துடும்" என்றாய்.

ஆட்டம் நடந்தது. ஃபாரின் ஸ்பீக்கரையே மாட்டினாய். நான் மைதானத்தின் ஓரத்தில் நின்று கேட்டேன், நீ பார்க்கவில்லை. சத்தம் சுத்தமாக இருந்தது. ஜனம் மரியாதையாகக் கேட்டார்கள். யாரும் முன்னால் வந்து நிற்கவில்லை. ஆனால் அரிசி வந்தது, கம்பளி வந்தது, ஒரு லாரி நிறைந்து போயிற்று. பசியாற்றுவதற்கு அந்தச் சத்தம் தேவைப்படவில்லை. உனக்குத்தான் தேவைப்பட்டது. அது நாலாவது ஆட்டம். அதற்குப் பிறகு முதலாவது வரவில்லை. டெரிக் ஆஸ்திரேலியா போனான். ரஹீம் துபாய் போனான். நீ கல்யாணம் பண்ணி, சார்ஜ்மேன் ஆகி, சர்க்கரை வந்து, காலில் புண் வந்து போய்ச் சேர்ந்தாய். நடுவில் ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு வந்தாய், சாப்பிட்டாய், பிள்ளைகளின் மார்க்கைக் கேட்டாய். அதைப் பற்றி மட்டும் நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ரஹீம் போன மாதம் லீவில் வந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதான். அழுது முடித்துவிட்டு என்னிடம், "ஒரு காகிதம்தானே ஆபா. ஏன் நக்கோன்னீங்க? ஏன் மாட்டேன்னு சொன்னீங்க? அதுக்கப்புறம் அவன் கையே ஓடலை" என்றான். இத்தனை வருஷமும் மனதில் வைத்திருந்து கேட்டான். கேட்கட்டும், அவனுக்கு உரிமை இருக்கிறது. "நீ கேக்கலியா அவன?" என்றேன். "கேட்டேன் ஆபா. அக்காவை ஒண்ணும் சொல்லாதேன்னுட்டான்."

அவன் போன பிறகு அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்குக் காலையில் பேத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தாள் என்றேனே. அவள் வாசலில் இருந்தாள், இரண்டு ரூம் தள்ளி. சின்னச் சட்டிப் பசை, பெரிய வீடு, எல்லா ஜன்னலும் திறந்திருக்கிறது. அப்படியும் அவள் மூக்குக்கு எட்டியது. அந்தப் பின் ரூம் பத்தடிக்குப் பத்தடி. மூன்று நாள் பசை. எத்தனையோ வருஷமாகத் திறக்காத ஜன்னல் அன்றைக்குத் திறந்திருந்தது. உனக்கு நல்ல மூக்கு, சின்ன வயதிலேயே குழம்பு அடிப்பிடித்ததை வாசலில் நின்று சொல்லுவாய்.

தெரிந்திருக்கும். நான் ஒட்டிப் பார்த்தேன், வரவில்லை, வெட்கப்பட்டேன் என்று உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். தெரிந்துதான் கொசு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். ரஹீமிடமும் சொல்லவில்லை.

பத்திரிகைக்காரனிடம் நீ மறைத்ததற்கு என் கோபம் அப்படியே இருக்கிறது, அதில் ஒரு மயிரிழை குறையவில்லை. இதை மறைத்ததற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கோபப்படவும் வரவில்லை, அழவும் வரவில்லை. ஒருவேளை உனக்கு ஒன்றுமே தெரியாமல், நிஜமாகவே கொசுவுக்காகத்தான் சொன்னாயோ என்னமோ. உன்னைக் கேட்க வழியில்லை. அதனால் உனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொண்டு, இப்போது என் வாயால் சொல்கிறேன்: மாட்டேன் என்று சொன்னது பொய். எனக்கு வரவில்லைடா, தம்பி.

சர்ச் பிள்ளைகள் வந்து பசையை வாங்கிக்கொண்டு போனார்கள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். அடுக்களையில் வாசனை இன்னும் போகவில்லை. போகட்டும் என்று ஜன்னலைத் திறந்தேதான் வைத்திருந்தேன். பொழுது சாய்ந்ததும் எழுந்துபோய்ச் சாத்திவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

அக்கா